இருபது வருஷம் கரண்டு வேலை பார்த்தவருக்கு எதற்கு லைசென்ஸ்?

மேலூர்ப் பக்கம் குவாரியில் வெடி வைக்கிறவர் பிளாஸ்டர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆலையில் பாய்லர் பார்க்கிறவருக்குச் சான்றிதழ் வேண்டும், லாரி ஓட்டுகிறவருக்கு ஹெவி லைசென்ஸ் வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் வீட்டுச் சுவருக்குள் 230 வோல்ட்டை ஓடவிடுகிற வேலை மட்டும் "நம்ம தெருப் பையன் நல்லா செய்வான்" என்கிற ஒரு வார்த்தையில் கை மாறிவிடுகிறது. வெடி வைத்தவர் வேலையை முடித்துவிட்டுத் தள்ளிப் போய்விடலாம். ஒயரிங் செய்தவன் வைத்துவிட்டுப் போகிற தப்பு, அந்த வீட்டுக் குழந்தை ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும் நாள் வரைக்கும் சுவருக்குள்ளேயே காத்திருக்கும்.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, 'சி' சான்றிதழ் என்று நாங்கள் சொல்லும் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ் வாங்கி, மதுரையில் ஒரு லைசென்ஸ் எடுத்த ஒப்பந்ததாரரிடம் வேலை பார்க்கிறேன். பழைய வீடுகளுக்கு மறு ஒயரிங், தறிக்கூடங்கள், கல்யாண மண்டபங்கள், திருவிழாவுக்குத் தற்காலிக லைட்டிங் எல்லாம் உண்டு. என்னோடு வேலை பார்ப்பவர்களில் படித்துவிட்டு வந்த பையன்களும் இருக்கிறார்கள், படிக்காமல் கையால் கற்றுக்கொண்ட மூத்தவர்களும் இருக்கிறார்கள். அந்த மூத்தவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய கைத்திறன் எனக்கு வராது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கை கற்றுக்கொள்ளாத சில விஷயங்கள் இந்தத் தொழிலில் உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பும் ஒரு தேர்வும் வேண்டியிருக்கிறது.

செல்லூரில் கீழே தறி ஓடும், மேலே குடும்பம் இருக்கும் ஒரு பழைய வீடு. வீட்டுக்குத் தனி சர்வீஸ், சிங்கிள் பேஸ். லைட்டெல்லாம் விட்டுவிட்டு எரிகிறது, டிவி ஒருதடவை போய்விட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். மாடிப்படி ஓரத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் நியூட்ரல் (பேஸில் வந்த கரண்டு திரும்பிப் போகிற ஒயர்) ஜாயின்ட் கருகிப்போய் லூசாக இருந்தது. பிரித்து, சுத்தம் செய்து, புதிதாக இணைக்க வேண்டும். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், இருபது வருஷமாக இதே வேலை பார்ப்பவர், பியூஸ் கட்டையை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். உருவின கட்டையைப் பையில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். கீழே வைத்தால் யாராவது மறுபடி செருகிவிடுவார்கள்.

அப்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பையன், மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பவன், கேட்டான்: "அண்ணே, மாடில இன்வெர்ட்டர் இருக்கா?"

"இருந்தா இருந்துட்டுப் போகுது. ஒரு பேனு, ரெண்டு லைட்டுக்குத்தான. கட்டை என் பைல இருக்குடா, அங்குட்டிருந்து எப்புடிக் கரண்டு வரும்?" என்றார் மச்சான்.

"நாம கை வைக்கப் போறது நியூட்ரல்லண்ணே" என்றான் பையன்.

நான் மாடிக்குப் போய் இன்வெர்ட்டரை நிறுத்தி, அதன் அவுட்புட்டையும் கழற்றிவிட்டு வந்தேன். அதன்பிறகுதான் வேலை நடந்தது. மச்சான் முகத்தில் கடுப்பு தெரிந்தது. ஒரு சின்னப் பையன் முன்னால் தன்னை நிறுத்திவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷெட்டில் பலகை ஒன்றில் அதே இணைப்பைச் செய்து காட்டினோம். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. பழைய மெயின் போர்டில் பியூஸ் கட்டையை உருவினால் பேஸ் மட்டும்தான் விலகும். நியூட்ரல் லிங்க் அப்படியே டிரான்ஸ்பார்மர் வரைக்கும் சேர்ந்து நிற்கும். இன்வெர்ட்டர் போடும்போது பேனுக்கும் லைட்டுக்கும் போகிற பேஸை மட்டும் பிரித்து இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டு, நியூட்ரலை வீட்டின் பொது நியூட்ரலிலேயே விட்டுவிடுவார்கள். ஈபி கரண்டு போனதும் இன்வெர்ட்டரின் கரண்டு பேன் வழியாகப் போய் அந்தப் பொது நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறது. ஜாயின்ட் ஒன்றாக இருக்கிறவரை அந்த நியூட்ரலில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் எரியவே எரியாது. டெஸ்டரும் காட்டாது. ஜாயின்ட்டைப் பிரித்த நொடியில், பேன் பக்கம் இருக்கிற முனை முழு வோல்ட்டேஜுக்கு வந்துவிடும்.

பலகையில் பேனுக்குப் பதில் ஒரு 100 வாட் குண்டு பல்பு போட்டிருந்தோம். கட்டையை உருவியாகிவிட்டது, இன்வெர்ட்டரில் பல்பு எரிகிறது. நியூட்ரலில் 15 வாட் டெஸ்ட் லேம்ப் வைத்தேன், எரியவில்லை. கையுறை போட்டுக்கொண்டு நியூட்ரலைப் பிரித்தேன். குண்டு பல்பு அணைந்தது. பிரித்த முனைக்கும் எர்த்துக்கும் டெஸ்ட் லேம்ப்பை வைத்ததும் பளிச்சென்று எரிந்தது. மச்சான் வாங்கித் தானே ஒருதடவை வைத்துப் பார்த்தார். பிறகு பையனிடம், "இத எங்கடா சொல்லிக் குடுத்தாய்ங்க?" என்று கேட்டார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவர் தொழில் கற்றுக்கொண்டபோது வீடுகளில் இன்வெர்ட்டர் அபூர்வம். கட்டையை உருவினால் வீடு செத்துவிடும் என்பது அன்றைக்கு அநேகமாக உண்மைதான். இன்றைக்கு அதே வீட்டில் ஈபி போக, இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், கூரைமேல் சோலார் என்று கரண்டு இன்னும் மூன்று வழியில் வருகிறது. அனுபவம் என்பது நடந்ததைச் சொல்லும். இன்னும் நடக்காததை அதனிடம் கேட்க முடியாது. அதனால் நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிற முதல் பழக்கம்: வேலையில் கை வைக்குமுன் இந்த இடத்துக்குக் கரண்டு எத்தனை வழியில் வருகிறது என்று எண்ணுங்கள். வீட்டுக்காரரைக் கேளுங்கள், பிறகு நீங்களே போய்ப் பாருங்கள். 'பக்கத்து போர்ஷனுக்கு இங்கிருந்துதான் ஒரு ஒயர் போகுது' என்பதை வீட்டுக்காரரே மறந்திருப்பார்.

அடுத்தது டெஸ்டர். சட்டைப்பையில் செருகின ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை மட்டும் நம்பி உயிரை வைக்காதீர்கள். மர ஏணியில் ரப்பர் செருப்போடு நின்றால் அது மங்கலாகத்தான் எரியும், வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. பக்கத்தில் ஓடும் ஒயரின் தூண்டலில் கரண்டு இல்லாத இடத்திலும் எரியும். டெஸ்ட் லேம்ப்போ நல்ல மீட்டரோ வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கரண்டு இருப்பது உறுதியான ஒரு இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வையுங்கள். முடித்ததும் மறுபடி அந்த முதல் இடத்தில் வையுங்கள். நடுவில் பல்பு போயிருந்தால் 'எரியவில்லை' என்பதற்கு அர்த்தமே இல்லை. கடைசியில் மறுபடி வைத்துப் பார்க்கிற அந்தச் சோதனையைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயத்தில் ஜனங்களும் சரி, நம் ஆட்களும் சரி, தவறாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். "எம்சிபி போட்டாச்சு, இனி ஷாக் அடிச்சாலும் ட்ரிப் ஆயிரும்." ஆகாது. எம்சிபி, அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் தானே அணைகிற சுவிட்ச். 16 ஆம்பியர் எம்சிபி என்பது 16,000 மில்லி ஆம்பியர். வேர்த்து ஈரமான உடம்பின் தடை சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் அதன் வழியாகப் போவது ஏறத்தாழ 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது தாராளமாகப் போதும். எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது போன கரண்டும் திரும்பின கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அணைகிற சுவிட்ச். அதுவும் எல்லா நேரமும் இல்லை. ஒரு கை பேஸிலும் ஒரு கை நியூட்ரலிலும் இருந்தால் அது உங்களை ஒரு பல்பு என்றே நினைக்கும், ட்ரிப் ஆகாது. மெயினில் மட்டும் ஆர்சிசிபி போட்டிருந்தால், ஈபி போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது அந்த லைட், பேன் வரிசைக்கு அந்தக் காவல் கிடையாது. சித்திரை, வைகாசி வெயிலில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, இரும்பு ஏணியில் நின்று வேலை பார்க்கிற நமக்கு இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2010ல் வந்தன, 2023ல் புதிதாக வெளியிட்டார்கள். அதற்கு முன்னால் 1956ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளிலும் இதே கருத்துதான் இருந்தது. பல்பு, பேன், பியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர, புது ஒயரிங், கூட்டுதல், மாற்றுதல், பழுதுபார்த்தல் எல்லாம் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களைத் தருவது சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். மேற்பார்வையாளருக்கு 'சி', மின்கம்பியாளருக்கு 'பி', மின்கம்பியாள் உதவியாளருக்கு 'ஹெச்'. ஒப்பந்ததாரர் உரிமம் என்பது தனி. சான்றிதழ் ஆளுக்கு, உரிமம் தொழிலுக்கு. "எங்கிட்ட பி லைசென்ஸ் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு தனியாக முழு வீட்டு ஒயரிங் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் இதைத்தான் குழப்பிக்கொள்கிறார்கள்.

படிக்காமல் தொழில் கற்றவர்களுக்குக் கதவு அடைபட்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அடைபடவில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடத்துகிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு இல்லை. ஒயரிங் வேலையில் 5 வருஷத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். தொழிலாளர்களுக்கான மாலை நேர வகுப்பில், மின்சாரப் பணியாளர் மற்றும் கம்பியாள் பிரிவில் தேறியவர்களும் எழுதலாம். அறிவிப்பு வரும்போது மாவட்ட ஆட்சியர் பெயரில் பேப்பரில் செய்தி வரும். மதுரைக்காரர்கள் கோ.புதூர் அரசு ஐடிஐயில் போய்க் கேட்டாலே விவரம் சொல்லிவிடுவார்கள். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன், ஒயர்மேன் படித்தவர்களுக்கும் டிப்ளமோ படித்தவர்களுக்கும் வழி வேறு.

மச்சான் விண்ணப்பம் போட்டபோது மாட்டிக்கொண்டது அனுபவச் சான்றில்தான். இருபது வருஷம் வேலை பார்த்தவரிடம் இருபது வருஷத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. முதலில் வேலை கற்றுக்கொடுத்தவர் காலமாகிவிட்டார். அடுத்தவர் ஊரை விட்டே போய்விட்டார். நடுவில் பல வருஷம் ஒரு ஒப்பந்ததாரரிடம் தினக்கூலி. அவரோ, "எழுதிக் குடுத்தா பின்னாடி பி.எப்., அது இதுன்னு வந்து நிப்ப" என்று கையை விரித்துவிட்டார். மனிதனின் உழைப்பை வருஷக்கணக்காக வாங்கிக்கொண்டு, அது நடந்தது என்று ஒரு வரி எழுதித் தர மறுப்பதை நான் அநியாயம் என்றே சொல்வேன். கடைசியில் எங்கள் ஒப்பந்ததாரர் அவர் எங்களோடு இருந்த காலத்துக்கு எழுதிக் கொடுத்தார், அதுவே ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்ததால் தப்பித்தோம். பையன்களே, யாரிடம் வேலைக்குச் சேர்ந்தாலும் வருஷத்துக்கு ஒருதடவை தேதியோடு, கையெழுத்தோடு, உரிம எண்ணோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிரிந்து வரும்போது கேட்கலாம் என்று விடாதீர்கள். பிரியும்போது பெரும்பாலும் மனஸ்தாபத்தில்தான் பிரிவோம்.

படிப்பு என்று வந்ததும் அவருக்குக் கூச்சம். நாற்பத்தைந்து வயதில் நோட்டு எடுத்துக்கொண்டு உட்காரச் சிரமப்பட்டார். ஒயரின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் மெகர் டெஸ்ட்டில் அந்தக் கூச்சம் போனது. அவருக்கு மெகர் தெரியும், பார்த்திருக்கிறார். 500 வோல்ட்டில் ஒவ்வொரு ஒயருக்கும் எர்த்துக்கும் ஒரு நிமிஷம் வைத்து, குறைந்தது 1 மெகஓம் வர வேண்டும் என்பதுதான் தெரியாது. தான் பத்து வருஷம் முன்னால் செய்த ஒரு வீட்டில், வீட்டுக்காரர் சம்மதத்தோடு, அவரே போய் அளந்து பார்த்தார். மொட்டைமாடி லைன் தவிர எல்லாம் நன்றாக இருந்தது. அந்த லைனை அவர் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்.

இனி எனக்குக் கோபம் வருகிற இடம். கையெழுத்து வாடகை. வேலையை யாரோ செய்வார்கள், யார் என்றுகூடத் தெரியாது. முடிந்ததும் சோதனை அறிக்கையில் போடுவதற்குச் சான்றிதழ் உள்ள ஒருவரைத் தேடி வருவார்கள். என்னிடமும் வந்திருக்கிறார்கள். "சார், இடத்துக்கெல்லாம் வர வேணாம், இங்கயே போட்டுருங்க." அந்த அறிக்கையில் எர்த் ரெசிஸ்டன்ஸ் இவ்வளவு, இன்சுலேஷன் இவ்வளவு என்று எழுதியிருக்கும். அதை யாரும் அளக்கவில்லை. ஒரு ஆள் நாளைக்குச் செத்தால், 'நான் பார்த்தேன், சரியாக இருந்தது' என்று நான் சாட்சி சொன்ன மாதிரிதான் அது. சான்றிதழ் இல்லாமல் ஒழுங்காக வேலை செய்கிறவரைக்கூட நான் மன்னிப்பேன். பார்க்காத வேலைக்குக் கையெழுத்து விற்கிறவரை என்னால் முடியாது. வீட்டுக்காரருக்கு அந்தக் காகிதம்தானே பாதுகாப்பு? அதையும் பொய்யாக்கிவிட்டால் அவர் எதை நம்புவார்?

திருவிழா வேலையில் இன்னும் கவனம் வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற வழியெல்லாம் மண்டகப்படிகளில் சீரியல் செட் கட்டுகிறோம். அவசரம், கூட்டம், பந்தலில் தண்ணீர் பீய்ச்சுவது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாத ஆட்கள். ஈபி ஆபீசில் பணம் கட்டித் தற்காலிக இணைப்பு வாங்காமல், கம்பத்திலிருந்து கொக்கி போடச் சொல்லி ஊர்ப் பெரியவர்களே சொல்வார்கள். அது மின்திருட்டு என்பது ஒருபக்கம். கொக்கியில் உங்களுக்குப் பியூஸ் இல்லை, எர்த் இல்லை, ஆர்சிசிபி இல்லை என்பதுதான் பெரிய விஷயம். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர்ப் பக்கம் களிமேட்டில் சப்பரம் மேலே போன உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். வண்டியின் உயரத்தையும் கம்பியின் உயரத்தையும் முதல் நாளே அளந்து, ஈபிக்கு எழுதிக் கொடுத்து, அந்த நேரத்துக்கு லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். 11,000 வோல்ட் கம்பி தொட்டால்தான் அடிக்கும் என்பதில்லை, கிட்டப் போனாலே பாயும். அந்தக் கம்பிக்கு அருகில் எங்களைப் போன்ற ஒயரிங் ஆட்கள் ஏறவே கூடாது. ஈபி ஊழியர்களே லைன் கிளியர் (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கி, கம்பத்தில் லைனைப் பிரிக்கிற ஏபி சுவிட்சைத் திறந்து, கம்பியை எர்த்தோடு சேர்க்கிற எர்த் ராடு மாட்டின பிறகுதான் கை வைப்பார்கள். சர்வீஸ் ஒயர் தொங்குகிறது, கம்பி அறுந்து கிடக்கிறது என்றால் ஈபியின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987ல் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை ஆட்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

வகுப்பில் கற்றுக்கொடுப்பதில் எல்லாரும் அலட்சியமாகக் கேட்பது முதலுதவிதான். பழைய மெயின் ரூம்களில் மாட்டியிருக்கும் மின் அதிர்ச்சி சிகிச்சை அட்டையைப் பார்த்திருப்பீர்கள், குப்புறப் படுக்கவைத்து முதுகை அமுக்குகிற படம் இருக்கும். அது அந்தக்காலத்து முறை. இப்போது மெயினை அணைத்து, முடியாவிட்டால் காய்ந்த கட்டையாலோ பிவிசி பைப்பாலோ ஆளை விலக்கி, 108க்குச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து மார்பின் நடுவில் இரண்டு கையாலும் அமுக்க வேண்டும். ஐந்து, ஆறு சென்டிமீட்டர் இறங்க வேண்டும், நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல். அதனால்தான் தனியாக யாரையும் நான் வேலைக்கு அனுப்புவதில்லை. ஏணியில் இருப்பவருக்கு அடித்தால் கீழே இருப்பவருக்கு மெயின் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். காலையில் வேலை இடத்துக்குப் போனதும் நான் எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

மச்சானிடம் இப்போது 'ஹெச்' சான்றிதழ் இருக்கிறது. கூலி ஒரேயடியாக ஏறிவிடவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சான்றிதழ் நகல் கேட்கிற ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வேலைகளுக்கு இப்போது அவரையும் கூட்டிப்போக முடிகிறது. முன்பு அந்த இடங்களுக்குப் பையனை அனுப்பிவிட்டு அவரை வீட்டு வேலைக்கு ஒதுக்குவோம், அது அவருக்கு உறுத்தலாக இருந்தது.

வீடு கட்டுகிறவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வேலையை ஒப்புக்கொள்ளுமுன் ஒப்பந்ததாரரின் உரிம நகலையும், உங்கள் வீட்டுக்கு யார் மேற்பார்வை என்பதையும், அவருடைய சான்றிதழ் நகலையும் கேளுங்கள். காலாவதி தேதியைப் பாருங்கள், புதுப்பிக்காமல் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். சோதனை அறிக்கையில் கையெழுத்து போடுகிற நாளில் அவர் மெகரோடும் எர்த் டெஸ்டரோடும் உங்கள் வீட்டில் நிற்க வேண்டும், அளவுகளை உங்கள் கண் முன்னால் எழுத வேண்டும். அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.